ஒரு பல் பிசகிய கதை: போர்டிகோவிலிருந்து ஒரு நன்றி மடல்

கோவை கணபதிப் பக்கத்து அக்கம்பக்கத்தாருக்கும், ஈரோட்டிலிருந்து பஸ் ஏறி வந்த மச்சானுக்கும் வணக்கம்.

மூன்று வாரமாக எங்கள் தெருவில் நடந்து போன எல்லோருக்கும் விஷயம் தெரியும். பானட் திறந்தபடி ஒரு கார், அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால். அந்தக் கால் என்னுடையதுதான். போன வியாழக்கிழமை வண்டி சரியாகிவிட்டது. இப்போது காலையில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் ஓடுகிறதா என்று குனிந்து கேட்க வேண்டியிருக்கிறது. நேரில் சொன்னால் "அட, விடுங்க" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

நடந்ததை முழுதாக அறியாதவர்களுக்காக: வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல், 4 சிலிண்டர், 1,42,000 கிலோமீட்டர் ஓடியது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மூன்று நான்கு விநாடி "கலகல"வென்று சில்லறை குலுக்குகிற மாதிரி சத்தம் வரும், பிறகு அடங்கிவிடும். டைமிங் செயின் தளர்ந்ததற்கு அடையாளம் அது. பிஸ்டனை ஓட்டும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுகளையும் ஒரே தாளத்தில் சுற்ற வைக்கும் சங்கிலிதான் டைமிங் செயின். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ராத்திரியெல்லாம் ஆயில் வடிந்துபோய், காலையில் அழுத்தம் ஏறும் வரைக்கும் செயின் ஆடிக்கொண்டே இருக்கும். ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டரைத் தாண்டித் தாண்டி ஓட்டியவன் நான். டென்ஷனரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்து செயின், அது உரசி ஓடும் கைடு, டென்ஷனர் எல்லாவற்றையும் நானே மாற்றினேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது. பிடித்த வேகத்தில் கிணற்று மேட்டு டீசல் எஞ்சின் மாதிரி உதற ஆரம்பித்தது. டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. ஒரு ரவுண்டு ஓட்டினால் சரியாகிவிடும் என்று ரிவர்ஸ் கியர் போட்டேன்.

அங்கே தொடங்குகிறது நன்றி. எதிர் வீட்டு கால் டாக்சித் தம்பி கேட் முன்னால் வந்து நின்றுகொண்டு, "அண்ணா, மொதல்ல ஆஃப் பண்ணுங்க" என்றார். லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக ஒர்க்ஷாப் வரை போகலாம், அப்படி மினுக்கினால் ஓட்டவே கூடாது என்பது அவர் பாடம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் சூடேறி, அதையே உருக்கிவிடுமாம். செயினுக்கு ஆன செலவைப் போலப் பல மடங்கு அது. தம்பி, அந்த ரிவர்ஸ் கியரை நீங்கள் மறிக்காமல் இருந்திருந்தால் இந்த மடல் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அடுத்த நாள் மச்சான் ஸ்கேனரோடு வந்தார். இரண்டு கோடு, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பிழைக் குறியீடு, வந்தது. பி0300, அதாவது எந்த சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்ல முடியாத மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியாமல் போவது). கூடவே பி0016, கிராங்கும் கேமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பது. நான் முதல் கோடைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "மிஸ்ஸிங் என்றால் காயில், பிளக்" என்று அடித்துச் சொன்னேன்; பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தருபவை அவை இரண்டும்தானே. இரண்டாவதை அவர் திரும்பத் திரும்பக் காட்டியபோது, கவர் மாட்டும்போது சென்சார் ஒயர் எங்கோ அழுந்தியிருக்கும் என்று வாயை அடைத்துவிட்டேன். தன் தங்கை வீட்டுக்காரர் என்ற மரியாதையில் அவர் அதற்குமேல் பேசவில்லை. மச்சான், முதல் நாளே நீங்கள் சொன்னதுதான் சரி. எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்கிறேன்.

காந்திபுரம் பக்கத்து ஸ்பேர்ஸ் கடைக்காரரை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நாலு காயில் கேட்டேன். எடுத்துக் கவுண்டரில் வைத்தவர், எதற்கு என்று கேட்டார். சொன்னேன். நாலையும் எடுத்துத் திரும்ப ரேக்கில் வைத்துவிட்டார். "செயினுக்கு முந்தி நல்லா ஓடுன காயில் நாலும் ஒரே நாள்ல எப்படிங்க சாகும்? மொதல்ல கம்ப்ரெஷன் பாருங்க. அப்பறம் வாங்க, தர்றேன்." ஆறாயிரம் ரூபாய் வியாபாரத்தைக் கையால் தள்ளிவிட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் கேஜுக்கு எங்கே போவது? நாலு வீடு தள்ளி லேத் பட்டறை அண்ணன். கேட்டதும் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்காமல் கூடவே வந்தார். ஃப்யூவல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கச் சொன்னார், காயில் கனெக்டரை எல்லாம் கழற்றச் சொன்னார், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்துக்கொண்டு கிராங்க் அடிக்கச் சொன்னார். நாலு சிலிண்டருக்கும் வந்த அழுத்த அளவு 125, 130, 125, 130 பிஎஸ்ஐ. இந்த எஞ்சினுக்கு 175-க்கு மேல் வரவேண்டும். "ஒரு சிலிண்டர் மட்டும் கம்மின்னா வால்வோ ரிங்கோ. நாலும் சேந்து ஒரே மாதிரி கம்மின்னா, காத்தை அடைக்க வேண்டிய நேரத்துல வால்வு அடைக்கலீங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் என் காயில் கனவு கலைந்தது. காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு தாமதமாக மூடினால், உள்ளே இழுத்த காற்றில் ஒரு பங்கைப் பிஸ்டன் திரும்ப வெளியே தள்ளிவிடும். அமுக்க மிச்சம் இருப்பது குறைவு.

டைமிங்தான் என்று தெரிந்தது. எங்கே பிசகியது என்பது மட்டும் பிடிபடவில்லை. செயினில் நிறம் தீட்டிய கண்ணிகளைப் பல் சக்கரக் குறிகளோடு சரியாக வைத்துத்தானே மாட்டினேன்? இதற்கு விடை வீட்டுக்குள்ளேயே, மனைவியின் போனில் இருந்தது. கவரை மூடுவதற்கு முன், "எதுக்கும் ஒரு போட்டோ இருக்கட்டும்" என்று என் எரிச்சலைப் பொருட்படுத்தாமல் எடுத்து வைத்த படம். அதைப் பெரிதாக்கி, லாரி பட்டறையில் நாற்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்ற மேலத்தெரு ஐயாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தார். "வெளிய போற கேம் குறியில நிக்குது. உள்ள வர்ற கேம் ஒரு பல்லு பின்னால நிக்குது சாமி."

என் தவறு இதுதான். செயினை மாட்டி, டென்ஷனரைப் பூட்டி வைத்திருந்த பின்னை உருவிய பிறகு கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றினேன். நிறக் கண்ணிகள் குறியை விட்டு எங்கோ போயிருந்தன. அது இயல்பு என்று முன்பே படித்திருந்தேன். உண்மையும் அதுதான்: கண்ணி எண்ணிக்கையையும் பல் எண்ணிக்கையையும் பொறுத்து, பல சுற்று சுற்றினால்தான் அவை மறுபடி ஒன்றுசேரும். ஆனால் பல் சக்கரக் குறிகள் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கட்டாயம் இடத்துக்கு வந்தாக வேண்டும். கண்ணியைப் பார்க்க வேண்டாம் என்று படித்தவன், குறியையும் பார்க்காமல் கவரை மூடிவிட்டேன். கைடு மாட்டும் நேரத்தில் தளர்ந்திருந்த செயின் இன்டேக் பக்கம் ஒரு பல் தாவியிருக்கிறது. கேம் சக்கரத்தில் 36 பல். ஒரு பல் என்றால் கேமில் 10 டிகிரி, கிராங்கில் 20 டிகிரி.

இரண்டாம் முறை பிரித்து மாட்டியபோது ஐயா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஸ்பேனரைத் தொடவே இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும், "இப்ப எங்க நிக்குது, சொல்லுங்க" என்று என் வாயாலேயே சொல்ல வைத்தார். சுற்றும்போது எங்காவது தடுத்தால் அழுத்தக் கூடாது, பிஸ்டன் வால்வில் முட்டியிருக்கும் என்று மட்டும் எச்சரித்தார். இந்த முறை 178, 180, 175, 180. பி0016 போயே போய்விட்டது.

எஞ்சின் உதறல் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஸ்கேனரில் புதிதாக பி0303, மூன்றாவது சிலிண்டர். உண்மையைச் சொன்னால், அன்று ராத்திரி வண்டியை விற்றுவிடலாம் என்றே நினைத்தேன். மூன்றாவது காயிலை ஒன்றாவதில் மாட்டிப் பார்த்தேன். கோடு மூன்றிலேயே நின்றது. அப்படியானால் காயில் குற்றவாளி இல்லை. லேத் அண்ணனிடம் புலம்பினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வேலை செய்யறப்ப எதையாவது கீழ போட்டீங்களா?"

போட்டேன். கம்ப்ரெஷன் பார்த்த அன்று, கேஜ் மாட்டக் கழற்றிய ஒரு பிளக் கைநழுவி சிமென்ட் தரையில் விழுந்தது. அவர் கேஜைப் படித்துக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. நான் துடைத்துப் பழையபடி மாட்டிவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அதைக் கழற்றி இரண்டாவது சிலிண்டரில் போட்டதும் கோடு பி0302 ஆகிவிட்டது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் வெள்ளைப் பீங்கானில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். நோயைக் கண்டுபிடிக்கப் போன இடத்தில் நானே ஒரு புது நோயை வாங்கி வந்திருக்கிறேன். புது பிளக் செட் வாங்கப் போனபோது ஸ்பேர்ஸ் கடைக்காரர் மறுக்கவில்லை.

இன்னும் இரண்டு பேர் பாக்கி. வாசலில் ஆயில் கறை படிந்ததால் மூன்று வாரமாகக் கேட்டுக்கு வெளியே கோலம் போட்ட அம்மாவுக்கு நன்றியும் மன்னிப்பும் சேர்த்து. கறை இன்னும் முழுதாகப் போகவில்லை, மரத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா: ராத்திரி பத்து மணிக்கு நான் எஞ்சினை ரேஸ் செய்தபோது திட்டாமல், ஜன்னலை மட்டும் சாத்திக்கொண்டார்.

லேத் அண்ணா, உங்கள் கேஜ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிறு காலை துடைத்து எடுத்து வருகிறேன். வீட்டில் இருங்கள்.

அன்புடன்,
போர்டிகோ மெக்கானிக்