நிழலில் உலர்த்தும் குறிப்பில் ஈரப்பத அளவும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் தோட்டத்து மூலிகைகளை ‘நிழலில், நல்ல காற்றோட்டத்தில் உலர்த்தவும்’ என்று தங்கள் இதழில் வரும் குறிப்பு, ஈரக்காற்று வீசும் ஊர்களுக்குச் சரியானது. காற்றே வறண்டு கிடக்கும் ஊர்களில் அதை அப்படியே பின்பற்றினால் துளசியும் புதினாவும் இரண்டே நாளில் சருகாகிவிடும். நிறம் இருக்கும், மணம் குறைந்துவிடக்கூடும். அத்தகைய இடங்களில் காய்வதைத் தாமதப்படுத்துவதுதான் முக்கிய வேலை.

அறையின் ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதமும் வெப்பம் 18 முதல் 24 டிகிரியும் இருந்தால், மெல்லிய இலைகள் தண்டோடு சேர்ந்து ஐந்து முதல் ஏழு நாட்களில் சீராகக் காயும். ஈரப்பதம் 20, 25 சதவீதமாக இருந்தால் இலையின் ஓரம் முதல் நாளிலேயே முறுகிவிடும். காம்பிலும் தண்டிலும் நீர் அப்படியே நிற்கும். தொட்டுப் பார்த்தால் மொறுமொறுப்பு. காய்ந்துவிட்டது என்று ஜாடியில் போட்டு மூடினால், தண்டின் நீர் மெல்ல இலைக்குப் பரவி, இரண்டு மூன்று நாளில் இலை துவண்டுபோகும். அதைக் கவனிக்காமல் விட்டால் பூஞ்சணம். வறண்ட ஊரில் பூஞ்சணம் எப்படி வருகிறது என்று குழம்புபவர்களுக்குக் காரணம் இதுதான்.

அறையைச் சூடாக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். 15 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை ஹீட்டர் போட்டு 25 டிகிரிக்கு ஏற்றினால், நீர் ஒரு துளிகூடக் குறையாமலே ஈரப்பதம் சுமார் 32 சதவீதத்துக்கு இறங்கிவிடும்; சூடான காற்றால் அதிக நீரைத் தாங்க முடியும் என்பதால், அதே நீர் அதற்குக் குறைந்த சதவீதமாகிவிடுகிறது. ஏசியும் காற்றிலுள்ள நீரைப் பிரித்து வெளியேற்றுகிறது. எனவே அந்த அறைகள் வேண்டாம். வீட்டிலேயே குளிர்ந்த, இருட்டான அறைதான் இதற்கு ஏற்றது.

முதலில் ஒரு சிறிய ஈரப்பதமானி வாங்குங்கள். வாங்கியதும் சோதித்துப் பாருங்கள். மலிவானவற்றில் ஐந்து முதல் பத்து சதவீதம் பிசகு இருப்பது சாதாரணம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல்போல் ஆகும்வரை சில துளி நீர் விட்டுக் குழையுங்கள். அதையும் கருவியையும் இறுக மூடும் ஜாடிக்குள் 12 மணி நேரம் வையுங்கள். சாதாரண அறை வெப்பத்தில் கருவி 75 காட்ட வேண்டும். 70 காட்டினால், அதன்பின் எப்போதும் ஐந்தைக் கூட்டிப் படித்துக்கொள்ளலாம்.

பனி உலர்ந்த காலை வேளையில், பூ விரிவதற்குமுன் கிளைகளை அறுங்கள். கழுவினால் உதறி, துணியில் பரப்பி, மேல் ஈரம் போகும்வரை வையுங்கள். இலைகளை உருவாதீர்கள், தண்டோடு இருந்தால்தான் காய்வது மெதுவாகும். துளசி, புதினா குடும்பத்துச் செடிகளில் மண எண்ணெய் இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பிகளில் இருக்கிறது. இலையைக் கசக்கினால் அவை உடைந்து எண்ணெய் ஆவியாகிவிடும். ஐந்து முதல் எட்டுத் தண்டுகளை ரப்பர் பேண்டால் கட்டுங்கள். நூல் கூடாது: தண்டு காய்ந்து சுருங்கும்போது நூல் தளர்ந்து கட்டு விழுந்துவிடும், ரப்பர் கூடவே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும்.

இனி அந்தக் கட்டுகளைத் திறந்த அறையில் தொங்கவிடாமல் அட்டைப்பெட்டிக்குள் தொங்கவிடுங்கள். இலை வெளியிடும் ஈரமே பெட்டிக்குள் தங்கி, காய்தலை நிதானப்படுத்தும். வறண்ட ஊருக்கு இதைவிட எளிய வழி வேறில்லை. 45 செ.மீ. உயரமுள்ள பெட்டியில் குறுக்கே இரண்டு குச்சிகளைச் செருகி, கட்டுகள் ஒன்றையொன்று தொடாமல் தலைகீழாக மாட்டுங்கள். பக்கங்களில் கீழே நான்கு, மேலே நான்கு என்று ஒரு செ.மீ. அகலத் துளைகள் போதும். ஈரப்பதமானியை உள்ளேயே வையுங்கள். 65 சதவீதத்துக்கு மேல் போனால் மூடியைப் பத்து நிமிடம் திறந்துவிட்டு, இன்னும் இரண்டு துளை இடுங்கள்; 50க்குக் கீழே போனால் சில துளைகளை டேப் ஒட்டி அடையுங்கள். அடைப்பது அளவு மீறினாலும் கெடுதல்தான். இலை கறுத்து, புளித்த வாடை அடிக்கும்.

காற்றாடி தேவைப்பட்டால் சுவரைப் பார்த்துத் திருப்பி, குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். அறையில் ஈரம் சேர்க்க நனைத்த துண்டைத் தொங்கவிடலாம். புகைபோல் நீர் தெளிக்கும் அல்ட்ராசோனிக் கருவியில் உப்புநீர் ஊற்றினால் இலைமேல் வெண்தூள் படியும்; அதற்குக் காய்ச்சி வடித்த நீர்தான் சரி.

எப்போது போதும் என்பதைக் கைக்கு விடாமல் தராசுக்கு விடுங்கள். அறுத்த அன்றே, மொத்தத்தில் தண்டும் இலையும் இருக்கும் அதே விகிதத்தில் 50 கிராம் எடுத்து, பொடியாக நறுக்கி, திறந்த தட்டில் தனியே காயவிடுங்கள். எடை இனிக் குறையாது என்ற நிலையில் அது 10 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இந்த 50 கிராம் போக, பெட்டியில் மாட்டியது 500 கிராம் என்றால் அதன் முழுக்கக் காய்ந்த எடை 100 கிராம். அதைவிடச் சுமார் ஐந்து சதவீதம் கூடுதலாக, அதாவது 105 கிராம் வந்ததும் பெட்டியிலிருந்து எடுத்துவிடலாம். அப்போது தண்டு வளையாமல் சட்டென்று ஒடியும்.

பிறகு கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு நிரப்பி, ஈரப்பதமானியையும் போட்டு மூடுங்கள். 24 மணி நேரம் கழித்து அது 50 முதல் 58 வரை காட்டினால் சரி. 60ஐத் தாண்டினால் பூஞ்சணத்துக்கு வாசல் திறந்தாயிற்று என்று பொருள். உடனே வெளியே பரப்பிச் சில மணி நேரம் காயவிட்டு மீண்டும் சோதியுங்கள். ஒரு வாரம் தினமும் ஜாடியைப் பத்து நிமிடம் திறந்து வைத்தால் ஈரம் உள்ளுக்குள் சமனாகும். 40க்குக் கீழே இறங்கிய இலை தொட்டாலே தூளாகும். அதில் நீர் தெளித்து மென்மையாக்கலாம். போன எண்ணெய் திரும்பாது.

கற்பூரவள்ளிபோன்ற சதைப்பற்றான இலைக்கு இம்முறை ஒத்துவராது. அதைக் கீற்றாக அரிந்து, திறந்த தட்டில் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். சாமந்திபோன்ற அடர்ந்த பூக்களில் இதழ் காய்ந்தும் அடிப்பாகம் ஈரமாகவே இருக்கும். ஒன்றைப் பிளந்து பார்க்காமல் ஜாடியில் போடாதீர்கள்.

வெண்பூப்போல் படலமோ மக்கிய வாடையோ தெரிந்தால் ஜாடி முழுவதையும் எறிந்துவிடுங்கள். கெட்ட பகுதியைக் கிள்ளிவிட்டு மிச்சத்தை மறுபடி காயவைப்பது ஆபத்து. பூஞ்சணம் விட்டுச்சென்ற நஞ்சு உலர்த்துவதால் அழியாது.

‘நிழலில் உலர்த்தவும்’ என்று அச்சிடும் இடத்தில் ‘50 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில்’ என்ற சொற்களையும் சேர்த்து, வறண்ட பகுதியினருக்கு அட்டைப்பெட்டி முறையைத் தனிக் குறிப்பாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மூலிகை வளர்க்கும் வாசகர்கள்