மூன்றாம் மாடி ஏறி வந்தவர்களுக்கு

மும்பை சயான் கோலிவாடாவில் எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் எல்லாருக்கும், மாட்டுங்கா பூக்கடை அக்காவுக்கும், டாக்டரம்மாவுக்கும், பிசியோதெரபி தங்கைக்கும் வணக்கம்.

போன மாதம் எனக்கு மகன் பிறந்தான். 38 வாரம், 2.9 கிலோ. போனில் எல்லாரிடமும் சொல்லியாச்சு. ஆனால் நாலு வருஷமாகச் சொல்லாமலே விட்ட நன்றி ஒன்று மனசில் பாக்கி இருக்கிறது.

2021 ஏப்ரல். மகள் வயிற்றில், ஏழாம் மாதம். எனக்குக் கோவிட் வந்தது. கர்ப்பிணிகளுக்கு அப்போது தடுப்பூசி கிடையாது, ஜூலையில்தான் அனுமதி கிடைத்தது. கட்டடம் முழுக்க ஒரே ஒரு ஆக்சிமீட்டர், நாங்கள் ஆஜி (மராத்தியில் பாட்டி) என்று கூப்பிடுபவர் வாங்கியது. அதைப் பையில் போட்டு என் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, "உன்னிடமே இருக்கட்டும்" என்றார். ஆக்சிஜன் அளவு 95-க்குக் கீழே இறங்கினால் உடனே கூப்பிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு 93. லிஃப்ட் இல்லாத வீடு. இரண்டாம் மாடித் தம்பி முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, என்னை நாற்காலியோடு தூக்கி இறக்கினான். அவனுக்கும் வீட்டில் வயதான அம்மா இருந்தார்.

மகள் 35-ஆம் வாரத்திலேயே பிறந்துவிட்டாள். சரி, பிழைத்தோம், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. எழுந்து நின்றாலே நெஞ்சு படபடக்கும். பால் காய்ச்சுவதற்குள் இரண்டு முறை உட்கார வேண்டியிருக்கும். மூன்றாம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வேறொரு இடத்தில் காட்டியபோது, "ரிப்போர்ட் எல்லாம் நார்மல், பிள்ளை பெற்றவளுக்கு இந்த அசதி இருக்கத்தான் செய்யும்" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டிலும் சிலர் அதையே சொன்னார்கள். அன்று பொய்க்காரி போல நின்றது இன்னும் மறக்கவில்லை.

டாக்டரம்மா மட்டும் நம்பினார். படுக்கவைத்து நாடி பார்த்தார், 76. நிற்கவைத்துப் பத்து நிமிஷம் பார்த்தார், 112. நின்றதும் 30-க்கு மேல் கூடி, இறங்காமலே இருந்தால் அது வெறும் அசதி இல்லை என்றார். கோவிட் வந்து மூன்று மாதம் கழிந்தும் விடாத தொந்தரவுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் அந்த 2021 அக்டோபரில்தான் வரையறை சொல்லியிருந்தது. அதைத் தமிழில் எனக்கு விளக்கிச் சொன்னபோது அங்கேயே அழுதுவிட்டேன். பிசியோ தங்கை, "அக்கா, முடிகிற நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்" என்று சொல்லிச் சொல்லியே என்னை நடக்க வைத்தாள்.

அப்புறம் மூக்கு. பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போட்டால் கண் கரிக்கும், மணம் வராது. பெற்ற பிள்ளையின் வாசம் தெரியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம், நாலையும் காலையும் இரவும் நிதானமாக முகரச் சொன்னார் டாக்டரம்மா. பூக்கடை அக்கா, "கலர் ரோஜாவில் வாசமே இருக்காது கண்ணு, பன்னீர் ரோஜா தர்றேன்" என்று மாதக்கணக்கில் எடுத்துவைத்தார். காசு வாங்கவே மாட்டார். முதலில் திரும்பியது கிராம்பு. பொங்கலுக்கு முந்தின வாரம், மகளின் உச்சந்தலையில் எண்ணெயும் பாலும் கலந்த அந்த வாசம்.

இரண்டாவது உண்டானபோது பயம் முழுக்கத் திரும்பி வந்தது. முதல் தடவை நஞ்சுக்கொடியில் ரத்த ஓட்டம் குறைந்திருந்ததால், இந்த முறையும் வளர்ச்சி ஸ்கேனை விடாமல் பார்த்தார் டாக்டரம்மா. ஒவ்வொரு தடவையும் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

ஞாயிறு காலை பெயர் வைக்கிறோம். எல்லாரும் வரவேண்டும். ஆஜிதான் முதலில் காதில் பெயர் சொல்ல வேண்டும்.

ஆஜி, ஆக்சிமீட்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பேட்டரி மாற்றி வைத்திருக்கிறேன். யாருக்கு வேண்டுமானாலும் கதவைத் தட்டுங்கள், இரவு இரண்டு மணியானாலும்.