உன் வண்டியில் நான் மாட்டிய செட்

ரங்கூன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கு நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் மோல்மேனில் நலமாக இருக்க முனீஸ்வரன் துணை. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் சொன்னால் "சரிப்பா, பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பையனைத் தூக்க ஓடிவிடுவாய். அதனால்தான் பார்சலோடு சேர்த்துத் தாளில் எழுதி அனுப்புகிறேன். வண்டியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் படித்துச் செய்.

உன் டொயோட்டா விட்ஸ் வண்டியில் பாட்டும் மேப்பும் போடும் ஒன்பது இன்ச் ஆண்ட்ராய்டு திரை செட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் நான் என் கையால் மாட்டிக் கொடுத்தது. பீலிக்கான் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டபோது அந்தத் திரை மேலேயும் சந்தனப் பொட்டு வைத்தாளே உன் அம்மா, அதே செட். அதை இனி இன்டர்நெட்டோடு சேர்க்காதே. முதலில் இதை மனதில் வாங்கிக்கொள். காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

2011-இல் பழைய வண்டியை ஒப்படைத்துவிட்டுப் புதிதாக இறக்குமதி செய்துகொள்ளலாம் என்று அரசு திறந்துவிட்டதில் இருந்து, ஜப்பானில் ஓடி முடித்த வண்டிகளை வைத்துத்தான் நம் வீட்டில் அடுப்பு எரிந்தது, உனக்குத் தெரியும். அந்த வண்டிகளோடு வரும் செட்டுகள் இங்கே யாருக்கும் உதவாது. எழுத்து எல்லாம் ஜப்பான் எழுத்து, மேப் ஜப்பான் மேப், எஃப்.எம். ரேடியோ 76-இல் இருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான் பிடிக்கும். சில டொயோட்டா செட்டில் பேட்டரியை ஒரு தரம் கழற்றினால் போதும், பாஸ்வேர்டு கேட்டுப் பூட்டிக்கொள்ளும். அதனால் வந்தவர்கள் எல்லோரும் கேட்டது விலை குறைந்த ஆண்ட்ராய்டு செட்தான். நானும் மாட்டினேன். எத்தனை வண்டிக்கு என்று கணக்கு வைத்திருக்கவில்லை. இப்போது அந்தக் கணக்கு தேவைப்படுகிறது.

மழை தொடங்கின சமயம், நான் செட் மாட்டிக் கொடுத்த ஒரு டாக்ஸிக்காரர் வந்தார். போன் ஹாட்ஸ்பாட்டில் செட்டைச் சேர்த்து மேப் மட்டும்தான் பார்க்கிறேன், ஆனால் டேட்டா பேக் ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை என்றார். அப்டேட் இறங்குகிறது போல என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. எனக்கு இந்தச் செட்டுகளைக் கொடுத்த வியாபாரியிடம் வாங்கியதில் பிரிக்காத பெட்டி ஒன்று கடையில் இருந்தது. மறுநாள் அதை எடுத்துப் பெஞ்சில் வைத்து, ஒரு பேட்டரியில் இருந்து லைன் கொடுத்து, என் பழைய போனின் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரும் தொடவில்லை, ஒரு பாட்டு கூடப் போடவில்லை. போனில் டேட்டா கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. அப்டேட் என்றால் ஒரு நாள் இறங்கும், இரண்டு நாள் இறங்கும். நான்காவது இரவும் அப்படித்தான் ஓடியது. செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு 13 என்று பெரிதாகப் போட்டிருந்ததே, அதையும் தோண்டினேன். உள்ளே, எந்த ஆண்ட்ராய்டு என்று காட்டும் ஏபிஐ எண் 29. அது 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-க்கு உரிய எண். மேலே ஒட்டியிருப்பதே பொய் என்றால், உள்ளே இருப்பதை எப்படி நம்புவது?

பிறகுதான் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூன் மாதம் பேட்பாக்ஸ் 2.0 என்ற வைரஸ் கூட்டத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டிருக்கிறது. விலை குறைந்த டிவி பெட்டி, புரொஜெக்டர், டிஜிட்டல் போட்டோ ஃபிரேம், அந்த வரிசையில், வண்டியோடு வராமல் கடையில் தனியாக வாங்கி மாட்டும் செட்டும் இருக்கிறது. பெரும்பாலும் சீனாவில் செய்தவை என்றும் எழுதியிருக்கிறார்கள். அதற்கு முந்தின டிசம்பரில் ஜெர்மனி அரசு, இதற்கு முந்தின பேட்பாக்ஸ் புகுந்த ஏறக்குறைய 30,000 கருவிகள் தங்களை ஆட்டிவைப்பவர்களின் கம்ப்யூட்டரோடு பேசும் வழியை அடைத்தது. 2025 ஜூலையில் கூகுள் நியூயார்க்கில் வழக்குப் போட்டபோது, பாதிக்கப்பட்ட கருவிகள் ஒரு கோடிக்கு மேல் என்றது.

இந்த வைரஸ் இரண்டு வழியில் ஏறுகிறதாம். ஒன்று, கடைக்கு வரும் முன்னேயே உள்ளே உட்கார்ந்திருக்கும். நாம் பிரித்த சீல் பெட்டிக்கு அர்த்தமே இல்லை. இன்னொன்று, முதல் தடவை செட்டைத் தயார் செய்யும்போது ஏற்றும் ஆப்பில் ஒளிந்து வரும். கெட்ட ஆப்பைத் தடுக்கும் கூகுளின் பிளே புரொடெக்ட்டை அணைக்கச் சொன்னால் அதுவே ஓர் அடையாளம் என்று எஃப்.பி.ஐ. எழுதியிருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை அம்மாடி. பெட்டியோடு ஒரு பென்டிரைவ் கொடுத்து, பிளே புரொடெக்ட்டை அணைத்துவிட்டு இதில் உள்ளதை ஏற்றுங்கள், பர்மா கீபோர்டும் மேப்பும் நன்றாக வேலை செய்யும் என்று அந்த வியாபாரி சொன்னார். நான் அப்படியே செய்தேன். உன் வண்டியிலும் நான்தான் அணைத்தேன், நான்தான் ஏற்றினேன்.

உன் செட்டில் அது இருக்கிறது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. இல்லை என்று சொல்லவும் தைரியம் வரவில்லை.

மாப்பிள்ளை 2015-இல் நடந்த ஜீப் விஷயத்தைச் சொல்லி உன்னைப் பயமுறுத்துவார். அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தூரத்தில் இருந்தே ஓடும் ஜீப்பின் வேகத்தை அடக்கினார்கள், கம்பெனி 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, எல்லாம் உண்மை. அது கம்பெனியே வைத்த செட், வண்டியின் மற்ற கட்டுப்பாடுகளோடு அதற்குத் தொடர்பு இருந்தது. உன் விட்ஸில் நான் கொடுத்த இணைப்பு எனக்கு மனப்பாடம். மஞ்சள் பேட்டரிக்கு, சிவப்பு சாவிக்கு, கறுப்பு எர்த்துக்கு, மிச்சம் ஸ்பீக்கரும் ரிவர்ஸ் கேமராவும். பிரேக் பக்கம் ஓர் ஒயர் கூடப் போகவில்லை. அந்த பயம் வேண்டாம்.

என் பயம் வேறு. இந்த வைரஸ் செட்டை ஒரு வாடகைப் பாதை ஆக்கிவிடுகிறது. யாரோ எங்கேயோ உட்கார்ந்து செய்யும் மோசடி உன் ஹாட்ஸ்பாட் வழியாக, உன் நம்பரில் இருந்து போனது போல வெளியே போகும். நம் ஊரில் சிம் கார்டு நம் அடையாள அட்டையில் பதிவானது. நாளைக்கு யாராவது விசாரித்து வந்தால் உன் பெயர்தான் இருக்கும். அப்போது ஒரு குடும்பப் பெண் எதைச் சொல்லி நிரூபிப்பாள்? இன்னொன்று, நீ புளூடூத் சேர்த்த அன்றே உன் போனில் இருக்கும் பெயர், நம்பர் எல்லாம் அந்தச் செட்டுக்குள் இறங்கிவிட்டன. உன் கூகுள் கணக்கும் அதில் திறந்தே இருக்கிறது. மைக் இருக்கிறது, போகும் இடத்தைச் சொல்லும் ஜிபிஎஸ் இருக்கிறது. பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடும் வழி அதற்குத் தெரியும்.

அதனால் முதலில் செட்டில் வைஃபையைத் திறந்து, உன் ஹாட்ஸ்பாட் பெயரை அழித்துவிடு. போனிலும் ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டை மாற்று. செட்டின் பின்னால் சிம் போடும் இடம் காலியாகத்தான் இருக்க வேண்டும், மாப்பிள்ளை ஏதாவது போட்டிருந்தால் எடுத்துவிடச் சொல். பிறகு செட்டைத் தொடாமல் உன் போனில் கூகுள் கணக்குக்குப் போ, பாதுகாப்பு என்ற இடத்தில் உன் கருவிகள் என்று வரும், அதில் இந்தச் செட்டை வெளியேற்றிவிட்டுப் பாஸ்வேர்டை மாற்று. புளூடூத் அமைப்பில் கான்டாக்ட் பகிர்வை நிறுத்து, செட்டில் இருக்கும் போன்புக்கை அழி. பணம் அனுப்பும் ஆப் எதையாவது அந்தத் திரையில் திறந்தீர்களா என்று மாப்பிள்ளையிடம் கேள். திறந்திருந்தால் அதன் ரகசிய எண்ணை அன்றைக்கே மாற்ற வேண்டும்.

ஃபேக்டரி ரீசெட் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே. நீ ஏற்றினதை மட்டும்தான் அது துடைக்கும். சிஸ்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது அப்படியே இருக்கும்.

ரிவர்ஸ் கேமராவும் ரேடியோவும் இன்டர்நெட் இல்லாமலே ஓடும், வேறு செட் மாட்டும் வரை அவற்றைப் பயன்படுத்து. வலது பக்க ஸ்டீரிங்கை வைத்துக்கொண்டு வலது பக்கமாகவே ஓட்டும் ஊரில் கேமரா இல்லாமல் நீ சிரமப்படுவாய். மேப் வேண்டும் என்றால் போனை ஸ்டாண்டில் வைத்துப் பார்.

நான் இனி அந்தப் பெட்டிகளை விற்கப்போவதில்லை. கையில் இருப்பதையும் திருப்பி அனுப்பினால் வேறு யாரோ ஒருவர் வண்டிக்குத்தான் போகும் என்று பரண் மேல் போட்டுவிட்டேன். போன் நம்பர் இருக்கும் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லி வருகிறேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். அந்த டாக்ஸிக்காரர் மட்டும் மறுநாளே வந்து கழற்றிக்கொண்டார், நான் கூலி வாங்கவில்லை.

பார்சலில் உன் வண்டியில் இருந்து கழற்றிய ஜப்பான் செட்டையே அனுப்பியிருக்கிறேன். தூக்கிப் போட மனம் வராமல் துணியில் சுற்றி வைத்திருந்தது. அவுங் மிங்கலா பஸ் நிலையத்தில் இருந்து காலை பஸ்ஸில் ஏற்றுகிறேன். அங்கே நம்பிக்கையான எலக்ட்ரீஷியன் இருந்தால் மாற்றச் சொல், ஒயர் நிறம் எல்லாம் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். இல்லாவிட்டால் விடு, அடுத்த மாதம் அம்மாவோடு வந்து நானே மாற்றுகிறேன். முறுக்கு டப்பாவுக்குள் ஒரு சின்ன பொட்டலம் இருக்கும், அதில் எஸ்டி கார்டு இருக்கிறது. பேரன் வாயில் போடாமல் பார்த்துக்கொள். அந்தக் கார்டு இல்லாமல் ஜப்பான் செட் பூட்டைத் திறக்காது.

அன்புடன்
அப்பா