பாப்பா பாயில்தான் அழுகிறாள், தம்பி

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகும் பாப்பாவின் அழுகை என் காதிலேயே இருந்தது. "குப்புறப் போட்டாலே கத்துறாக்கா. பிடிக்கலைன்னா விட்டுடலாமா?" என்று கேட்டாய். விழித்திருக்கும்போது அவளைப் பாயில் குப்புறப் போட்டுப் பழக்குவதை விட்டுவிடாதே, கழுத்துக்கும் தோளுக்கும் வலு சேர அது வேண்டும். போனில் சரியாகச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் திருப்பாதிரிப்புலியூர் வந்தபோது உன் மாமியார் அவளைக் குளிப்பாட்டியதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். காலை நீட்டி உட்கார்ந்து, எண்ணெய் தேய்த்து முடித்து, அவளைக் காலின்மேல் குப்புறக் கிடத்தி முதுகில் வெந்நீர் ஊற்றினார். பாப்பா அழவே இல்லை. கன்னத்தைச் சாய்த்து வைத்து, கண்ணை அகலத் திறந்துகொண்டு கிடந்தாள். குப்புறக் கிடப்பது அவளுக்குப் புதிதில்லை. பாயில் கிடப்பதுதான் புதிது. பாட்டியின் காலில் உடம்புச் சூடு இருக்கிறது, பேசிக்கொண்டே இருக்கும் குரல் இருக்கிறது. பாயில் மூக்குக்கு நேரே கோரையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? (குளித்து முடித்ததும் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதை மட்டும் வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடு. நுரையீரலுக்குப் போய்விடும்.)

இன்னொன்று, நீ பழக்கும் நேரம். மஞ்சக்குப்பத்தில் வேலை முடித்து நீ அங்கே போகும்போது மணி ஏழு ஏழரை. ஏழு வாரக் குழந்தைக்கு அதுதான் சிணுங்குகிற நேரம். போதாததற்குப் பால் குடித்த கையோடு படுக்க வைத்திருக்கிறாய். என் மகளுக்கு நானும் அப்படித்தான் செய்தேன். குடித்ததெல்லாம் கழுத்தில் வழிந்து, அவளோடு சேர்ந்து நானும் அழுதேன். பால் குடித்து அரை மணியாவது போகட்டும். தூங்கி எழுந்து, துணி மாற்றி, கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடப்பாள் பார், அதுதான் நல்ல நேரம். அது பெரும்பாலும் காலையில்தான் வரும்.

அப்போது சாயங்காலம் உனக்கு என்ன வேலை? உன் நெஞ்சுதான் வேலை. கை கால் கழுவிவிட்டு, சட்டையைக் கழற்றி, சுவரோரம் தலையணை வைத்துச் சரிவாகச் சாய்ந்துகொள். பாப்பாவை நெஞ்சின்மேல் குப்புறப் போட்டுக்கொண்டு ஏதாவது பேசு. ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில் இருக்கும் முகம்தான் இந்த வயதில் அவளுக்குத் தெளிவாகத் தெரியும். குரல் வரும் பக்கம் பார்க்கத் தலையைத் தூக்குவாள். முதலில் மூக்கைத் தேய்ப்பாள், கன்னத்தை மாற்றி வைப்பாள், நெற்றி சுருங்கும், அப்புறம் தலை மேலே வந்து ஆடும். ஒரு நொடி உன்னைப் பார்ப்பாள். மறுபடி தொப்பென்று உன்மேல் விழும், நெஞ்சு எச்சிலில் நனையும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இவ்வளவும். உனக்குக் கண்ணைச் சொக்கினால் உடனே அவளை எடுத்துவிடு. நெஞ்சில் வைத்தபடி நீ தூங்கிப்போவது ஆபத்து.

பாய்க்கு வரும்போது பருத்திப் புடவை ஒன்றை மடிப்பு, சுருக்கம் இல்லாமல் இழுத்து விரி. வெறும் கோரையில் கிடந்தால் கன்னத்தில் வரிவரியாகப் பதிந்துவிடும். சின்னத் துண்டைச் சுருட்டி அக்குளுக்குக் கீழே கொடுத்து, இரண்டு கையையும் முன்னால் எடுத்து விடு. பிறகு நீயும் தரையில் குப்புறப் படு, அவள் முகத்துக்கு நேரே உன் முகம். சிணுங்கினால் பேச்சுக் கொடு, முதுகைத் தடவு. அழ ஆரம்பித்தால் தூக்கிவிடு. ஒரு நிமிடம் இருந்தாளா, சரி, இன்றைக்கு அது போதும். நாளைக்கு இரண்டு.

இப்போதைக்கு ஒரு தடவைக்கு மூன்று, நான்கு நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை வந்தாலே நல்லது. தவழாத குழந்தை விழித்திருக்கும்போது நாளெல்லாம் சேர்த்து அரை மணியாவது குப்புறக் கிடக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. உன் நெஞ்சில் கிடக்கும் நேரமும் கணக்கில் சேரும். தூளியில் கிடக்கும் நேரம் சேராது. அதில் அவளால் தலையையும் தூக்க முடியாது, கையையும் ஊன்ற முடியாது.

பிள்ளைத்தமிழில் காப்புப் பருவத்துக்கு அடுத்து வருவது செங்கீரைப் பருவம். ஐந்தாம் மாதத்துப் பிள்ளை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையையும் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடுவது. அந்தக் கழுத்துக்கும் தோளுக்கும் வலு இப்போதிருந்தே சேர வேண்டும்.

தூங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான். இதில் யார் சொன்னாலும் இளகாதே. குழந்தைகளைக் குப்புறத் தூங்க வைக்காதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 1992-ல் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் அங்கே தூக்கத்தில் காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பது பாதியாகக் குறைந்தது. மல்லாக்கவே கிடந்து பின்மண்டை தட்டையாகாமல் இருக்கவும்தான் விழித்திருக்கும்போது குப்புறப் போடுவது. அப்படிக் கிடக்கும்போதே கண் மூடினால் மெதுவாகத் திருப்பிப் படுக்க வை. பக்கத்தில் ஆள் இல்லாமல் குப்புற விட்டுப் போகவே கூடாது.

தலையை எப்போதும் ஒரே பக்கம் சாய்க்கிறாளா என்று கவனி. அப்படியிருந்தால் பத்தாவது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டரிடம் காட்டு. ஊசி போட்ட அன்றைக்குத் தொடை வலிக்கும், பாய் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை லாஸ்பேட்டையிலிருந்து ஏழு மணிக்கே கிளம்பிவிடுவேன். அன்றைக்கு காலையில் அவள் எத்தனை மணிக்குப் பால் குடித்தாள் என்று பார்த்து வை. நான் வந்ததும் பாயை விரிப்போம்.

அன்புடன்,
அக்கா