கூகைச் சிறகை எரிக்காதீர்கள்

இணையத்தில் தமிழ்க் காதல் ஃபேன்டஸித் தொடர்கள் எழுதும் எழுத்தாளர்களுக்கும், அவற்றைப் புத்தகமாக்கும் பதிப்பாளர்களுக்கும்,

வணக்கம். நான் பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். வேலை ஒயிட்ஃபீல்டில். மெட்ரோவில் போக வரக் கிடைக்கும் நேரமெல்லாம் உங்கள் கதைகளுக்குத்தான். போன வாரம் ஒரு தொடரின் கடைசி எபியை (எபிசோடை) படித்துக்கொண்டே இறங்க வேண்டிய நிலையத்தைக் கோட்டை விட்டேன். இருட்டினால் கூகையாக, அதாவது ஆந்தையாக, மாறுகிறவள் அதன் நாயகி. கிணற்று மேடையில் ஏறித் தோளை ஒரு குலுக்குக் குலுக்குவாள். முதுகு சிலிர்த்து, ஒவ்வொன்றாக இறகு முளைக்கும். 60க்கும் மேற்பட்ட எபிகளில் அவள் பறந்ததை அத்தனை ஆசையாக எழுதிய கைதான் கடைசியில் இறகுகளை ஹோம குண்டத்தில் போடச் சொன்னது. நாயகன் கேட்கிறான், அவள் சிரித்த முகத்தோடு போடுகிறாள், தாலி ஏறுகிறது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை கதைகளில் இதே முடிவு! நாகக்கன்னி சட்டையை உரித்துப் போட்டுவிட்டு மருமகளாகிறாள். மந்திரக்காரி மந்திரத்தை மறந்துவிட்டுக் காபி கொண்டுவருகிறாள்.

நம் பழைய கதைகளையே பாருங்கள். வள்ளிக்காக முருகன் வேடனாக வந்தான், வேங்கை மரமாக நின்றான், கிழவனாகித் தேனும் தினைமாவும் கேட்டு வாங்கித் தின்றான். அதைத் திருவிளையாடல் என்று கொண்டாடுகிறோம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கும் குடும்பம்தான் எங்களுடையதும், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஆசைப்பட்டு உருமாறி வந்த சூர்ப்பணகைக்கு மூக்குப் போனது. அவள் நடந்துவருவதை மயில், அன்னம், மின்னும் வஞ்சிக்கொடி என்று அடுக்கிய கம்பன், அதே மூச்சில் நஞ்சு என்றும் வஞ்சமகள் என்றும் முடிக்கிறான். அவள் செய்தவை தனி. ஆனால் உருமாறுவது ஆணுக்கு லீலை, பெண்ணுக்கு வஞ்சம் என்ற கணக்கு இன்றைய தொடர்கதை வரைக்கும் அப்படியே வந்திருக்கிறதே.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. மணிமேகலை. தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரம் கொடுத்தது: வேற்றுருக் கொள்ள, வானில் செல்ல, பசி தீர. பின்னால் வந்த சோழ இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்பக் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவை எடுத்தாள். அவன்மேல் மனம் போகாதவளும் அல்ல. முற்பிறவியில் அவன் அவளுடைய கணவன். அந்த உருவத்திலேயே அட்சய பாத்திரத்தோடு சிறைக்கோட்டத்துக்குப் போய்க் கைதிகளுக்குச் சோறு போட்டாள். அவளைத் தன் மனைவியென்று நம்பிய காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், உதயகுமரனை வாளால் வெட்டிவிட்டான். மணிமேகலை அழுதுகொண்டு அவன் உடலை நெருங்கினாள், தூணில் இருந்த தெய்வப் பாவையான கந்திற்பாவை தடுத்தது. இதைவிடக் கனமான உருமாற்றக் காதலை நீங்கள் எங்கே போய்த் தேடப்போகிறீர்கள்? இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் காப்பியத்தை எழுதிய சாத்தனார் அவளிடமிருந்து மந்திரத்தைப் பிடுங்கவில்லை. அரசி ஏவிய முரடன் வந்தபோது ஆணுருக் கொண்டாள். வஞ்சி நகரில் துறவி வேடத்தில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போய்க் கேள்வி கேட்டாள்.

ஸ்காட்லாந்துக் கடலோரத்துக் கதைகளிலும் இது உண்டு. கரையேறிய கடல்நாய்ப் பெண்ணின் தோலைக் கணவன் ஒளித்துவைப்பான். எத்தனை பிள்ளை பெற்றாலும், தோல் கையில் கிடைத்த அன்றைக்கு அவள் கடலுக்குப் போய்விடுவாள். ஒளித்தது காதல் இல்லையென்று அந்த மீனவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பதிப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை. 1990களில் எங்கள் தெருவில் கதவுக்குக் கதவு சாக்பீஸில் 'நாளே பா' என்று கன்னடத்தில் எழுதியிருக்கும். ராத்திரி ஒருத்தி வந்து நம் அம்மாவின் குரலிலேயே கூப்பிடுவாள், அதைப் படித்தால் 'நாளை வா' என்கிறார்களே என்று திரும்பிவிடுவாள் என்பார்கள். பாட்டி எழுதும்போது சாக்பீஸ் தூள் என் தலையில் கொட்டும். எனக்குப் பயத்தைவிட, அவள் யாரைத் தேடி வருகிறாள் என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது. பெரியவளானதும் அவளையே நாயகியாக்கி ஒரு நாவல் எழுதினேன். பதிப்பாளர் ஒருவர், "சூனியக்காரி கடைசியில் திருந்திவிடுவாள்தானே? முடிவை மாற்றிக்கொண்டு வாங்க" என்றார். திருந்த அவள் என்ன தப்பு செய்தாள்? சூனியக்காரி என்று பட்டம் கட்டிப் பெண்களை அடித்துக் கொல்வது இந்த நாட்டில் இன்னும் நிற்கவில்லை. அதைத் தடுக்கவே பீகார் 1999இலும் ஜார்கண்ட் 2001இலும் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. அந்தச் சொல்லை அட்டையில் அச்சடிக்கும்போது அந்தப் பெண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கூகைக் கதை எழுதிய சகோதரிக்கு: இரண்டாம் பாகம் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். 17ஆம் எபியில் ஓர் இறகு கிணற்றுச் சுவரின் இடுக்கில் சிக்கியதாக எழுதினீர்கள், நினைவிருக்கிறதா? அதை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

அன்புடன்,
அல்சூரிலிருந்து உங்கள் வாசகி