முதியோர் இல்லமா, குழந்தைகள் இல்லமா? மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோரையும் ஆதரவற்ற குழந்தைகளையும் ஒரே வளாகத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள அனுமதி கேட்கும் எங்கள் மகளிர் அறக்கட்டளையின் கோப்பு உங்கள் அலுவலகத்துக்குப் புதிதல்ல. மாடியிலிருந்து கீழே, அங்கிருந்து பக்கத்துக் கட்டடம், மறுபடியும் மாடி என்று அது எங்களைவிட அதிகமாக அலைந்திருக்கிறது. அதனால் பழைய கதையைத் திரும்பச் சொல்லவில்லை. போன வாரம் அது ஒரு வரிக் குறிப்போடு திரும்பி வந்தது: "முதியோர் இல்லமா, குழந்தைகள் இல்லமா எனத் தெளிவுபடுத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்."

இரண்டும்தான் ஐயா. விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறோம்.

குழந்தைகளைப் பார்க்கிற அலுவலகத்தில் "முதியோர் பக்கம் முதல்ல வாங்கிட்டு வாங்க" என்கிறார்கள். முதியோரைப் பார்க்கிற அலுவலகத்தில் "குழந்தைகள் பக்கம் முடிச்சுட்டு வாங்கம்மா" என்கிறார்கள். மரியாதைக்குக் குறைவில்லை, உட்காரச் சொல்கிறார்கள், ஒருவர் டீ கூட வாங்கித் தந்தார். வேலைதான் நடக்கவில்லை. கடைசியில் ஒருவர் வழி சொன்னார். வளாகத்துக்கு நடுவில் ஒரு சுவர் எழுப்பி, இரண்டு கேட் வைத்து, சமையலறையையும் இரண்டாக்கிவிட்டால் தனித்தனி விண்ணப்பமாகப் போட்டுவிடலாமாம்.

அந்தச் சுவர் எங்கே வரும் என்று நாங்களும் அளந்து பார்த்தோம். கிரைண்டருக்கும் அடுப்புக்கும் நடுவில் வருகிறது. மாவு குழந்தைகள் பக்கம், இட்லிச் சட்டி பாட்டிகள் பக்கம்.

எங்களிடம் இடம் கேட்டுக் காத்திருப்பவர்களில் ஒரு அம்மாயியும் பேரனும் இருக்கிறார்கள். பையனுக்கு எட்டு வயது. தாய் இல்லை. பனியன் கம்பெனி வேலை என்று திருப்பூர் போன தகப்பன் இப்போது போனையும் எடுப்பதில்லை. முதியோர் உதவித்தொகை 1200 ரூபாய். அதில் வாடகை போக மிச்சமும் ரேஷன் அரிசியும்தான் இரண்டு பேருக்கும். அம்மாயிக்குக் கண்ணில் புரை. அதனால் பையன் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் மாத்திரைகளைப் பழைய துண்டுத்துணிகளில் முடிந்து வைக்கிறான். மத்தியானத்துக்கு ஒரு முடிச்சு, ராத்திரிக்கு இரண்டு முடிச்சு. தடவிப் பார்த்தே அவர் எடுத்துக்கொள்வார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவனே கண்டுபிடித்தது.

இன்றைய நடைமுறையில் இவர்களுக்குக் கிடைப்பது, அம்மாயி ஒரு ஊரில், பேரன் வேறு ஊரில். "பையனை நல்ல இடத்துல சேர்த்துடலாங்க" என்று ஒருவர் ஆறுதல் சொன்னபோது, "நானும் கூட வரலாமுங்களா?" என்று கேட்டார் அவர். பதில் சொல்ல ஆள் இல்லை. அவரைப் போன்றவர்களைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளத்தான் இந்த வளாகம். இதை ஒரே வளாகமாக, ஒரே விண்ணப்பமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

ஊரில் இல்லாததைக் கேட்கவில்லை. முதியோரையும் ஆதரவற்ற குழந்தைகளையும் ஒன்றாகப் பராமரிக்கும் ஒருங்கிணைந்த வளாகங்களைத் தமிழக அரசே தொண்டு நிறுவனங்கள் மூலம் நடத்தியிருக்கிறது, 25 பெரியவர்கள், 25 குழந்தைகள் என்று கணக்கு வைத்து. அரசு செய்தால் ஒருங்கிணைப்பு, நாங்கள் செய்தால் தெளிவின்மையா?

இளைஞர் நீதிச் சட்டம், 2015 எங்களுக்கும் தெரியும். பதிவு இல்லாமல் குழந்தைகள் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். குழந்தைகள் விஷயத்தில் அந்தக் கண்டிப்பு வேண்டும்தான். அதனால்தான் ஒரு குழந்தையைக்கூட இன்னும் சேர்க்கவில்லை. ஆனால் அதே சட்டத்தின் 41-ஆம் பிரிவு, விண்ணப்பித்து ஒரு மாதத்துக்குள் தற்காலிகப் பதிவு தராவிட்டால், விண்ணப்பம் பெற்றதற்கான அத்தாட்சியே ஆறு மாதம் வரை தற்காலிகப் பதிவாகக் கருதப்படும் என்கிறது. அந்த ஒப்புகைச் சீட்டைத்தான் தர மாட்டேன் என்கிறார்கள். "சீல் அப்புறம் போட்டுக்கலாம்." ஏன் அப்புறம் என்பது எங்களுக்குப் புரியாமல் இல்லை.

நிலம் கொடுத்தவர் எங்கள் உறுப்பினர். மகள்களுக்கும் பங்கு என்று 1989-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்ததால் அவர் கைக்கு வந்த நிலம் அது. கட்டடம், தறி ஓட்டுகிறவர்களும் பவர் டேபிளில், அதாவது மோட்டார் தையல் மெஷினில், தைக்கிறவர்களும் மாதம் நூறு ரூபாய் கொடுத்து எழுப்பியது.

கொஞ்சம் விலகிப் போகிறேன். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் வயதான தம்பதியும் மகனும் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு ஈரோடு மாவட்டச் சிவகிரிப் பக்கம் இன்னொரு தோட்டத்தில் இன்னொரு தம்பதி. கேமரா வையுங்கள், நாய் வளருங்கள், தனியாக இருக்காதீர்கள் என்று அப்போது ஆளாளுக்குச் சொன்னார்கள். தனியாக இருக்க யாருக்கு ஆசை? பிள்ளைகள் கோயமுத்தூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள், போர்வெல் ஆயிரம் அடி போயும் தண்ணீர் இல்லை. தோட்டத்தை விட்டு வா என்றால், வருவதற்கு ஒரு இடம் வேண்டாமா? அக்டோபர் 1 வந்தால் முதியோர் தினம் என்று மேடை போட்டுப் பெரியவர்களுக்குச் சால்வை போர்த்துகிறீர்கள். சால்வைக்கு எந்த அலுவலகமும் தடையில்லாச் சான்று கேட்பதில்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். இரண்டு அலுவலர்களும் ஒரே நாளில் சேர்ந்து வந்து வளாகத்தைப் பார்க்க உத்தரவிட வேண்டுகிறோம். குழந்தைகள் படுக்கும் கட்டடம் தனி, பெரியவர்கள் படுக்கும் கட்டடம் தனி. சமையலும் திண்ணையும்தான் பொது. கழிப்பறைக் கைப்பிடி, தீயணைப்புக் கருவி, கேமரா, எதில் குறை சொன்னாலும் எழுத்தில் கொடுத்தால் சரிசெய்கிறோம். நடுச்சுவர் மட்டும் எழுப்ப மாட்டோம். விண்ணப்பத்தைக் கொடுக்கும் அன்றைக்கே தேதியும் சீலும் போட்ட ஒப்புகை தரச் சொல்லுங்கள். இதையே மனுவாக வரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கும் கொண்டுவருகிறோம். ஒரே விண்ணப்பமாகத்தான் கொண்டுவருவோம், தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உறுப்பினர்கள் சார்பில்,
அறக்கட்டளையின் பொருளாளர்