திட்ட அலுவலர் பொறுப்பேற்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அணிக்கு எனக்கு அடுத்த திட்ட அலுவலராக உங்களை நியமித்திருப்பதாக முதல்வர் சொன்னார், மகிழ்ச்சி. வெறும் வாழ்த்தோடு நிறுத்த மனம் வரவில்லை. விதிமுறைக் கையேட்டில் அகப்படாத சிலவற்றை, இந்தக் கடற்கரைப் பகுதிக் கல்லூரிகளில் மாணவர் அமைப்புகளைக் கவனித்துக்கொள்ளும் மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

கையேட்டில் உள்ளவை உங்களுக்குத் தெரிந்தவையே. 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி. தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். இவற்றில் அந்த 240 என்ற எண்தான் உங்களை முதலில் சோதிக்கும். சான்றிதழ் வாங்கும் காலம் நெருங்கியதும், "ஐயா, கொஞ்சம் மணி நேரம் குறைகிறது, போட்டுக்கொடுங்கள்" என்று வருவார்கள். அவர்களுக்காகப் பரிந்து பேச சக ஆசிரியர்களும் வருவார்கள். பதிவேட்டை அன்றன்றைக்கே எழுதி, மாணவச் செயலரையும் அதில் கையெழுத்திடச் செய்துவிட்டால், அந்தப் பேச்சு உங்கள் மேசைக்கு வருவதற்கு முன்பே மாணவர்களுக்குள்ளேயே அடங்கிவிடும். வெயிலில் நின்று வேலை செய்த பிள்ளை, வராதவனுக்கு மணி நேரம் ஏறுவதை உங்களைவிடக் கடுமையாகத் தடுக்கும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. எங்கே போவது, என்ன செய்வது, யார் பொறுப்பு என்ற முடிவுகளை மாணவர்களிடம் விட்டுவிடுங்கள். அந்த முடிவுகளை நிர்வாகமும் விருந்தினர்களும் பறித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதே உங்கள் வேலை. தொடக்க விழாவுக்கு ஒரு நாள், நிறைவு விழாவுக்கு ஒரு நாள் என்று, சால்வை போர்த்துவதிலேயே முகாமின் இரண்டு நாளைக் கழித்துவிடும் வழக்கத்தை நாம் இருவரும் அறிவோம். (சால்வைக்கு ஆகும் பணத்தில் கையுறை வாங்கலாம் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.)

மாணவர்களிடம் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பாம்பன் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெண்களுக்கான சுகாதாரக் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு என்று அலுவலகம் அச்சிட்டுவிட்டது. மீனவக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி அழைப்பிதழைப் பார்த்ததும், "அந்த நேரத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள் ஐயா, பாசிக்குப் போயிருப்பார்கள்" என்றாள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி முக்குளித்துக் கடற்பாசி எடுக்கும் பெண்கள் தண்ணீர் வற்றும் நேரத்தைப் பார்த்துத்தான் கடலில் இறங்குவார்கள். எடுத்த பாசியைக் கரையில் காயப்போட்ட பிறகுதான் உட்காருவார்கள். கூட்டம் மாலைக்கு மாறியது, பெண்கள் நிறையவே வந்தார்கள். அன்றிலிருந்து முகாம் நிகழ்ச்சி நிரலை முதலில் மாணவர்கள் ஊருக்குள் போய்க் கேட்டு எழுதிவருவது, பிறகு நான் பார்ப்பது என்று வழக்கமாயிற்று. விசைப்படகு கடலுக்குப் போகும் நாள், நாட்டுப்படகு போகும் நாள், கீழக்கரையில் ஜும்மா நேரம், தங்கச்சிமடத்தில் ஞாயிறு திருப்பலி எல்லாவற்றையும் அவர்களே கணக்கில் எடுத்துவிடுவார்கள்.

கடற்கரைத் துப்புரவும் அப்படித்தான். தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனையில் பதாகை பிடித்துப் படமெடுப்பதைவிட, மணலில் புதைந்த பழைய நைலான் வலைத் துண்டுகளை எடுப்பதே பயனுள்ள வேலை என்று முடிவு செய்தவர்கள் மாணவர்கள். மேலே ஒரு முழம் மட்டும் தெரியும். பிடித்து இழுத்தால் அறுந்துபோய், மீதி உள்ளேயே தங்கிவிடும். சுற்றிலும் மணலைத் தோண்டி, ஈரமண்ணும் சங்கும் உதிர, நாலைந்து பேர் சேர்ந்து மெதுவாகச் சுருட்ட வேண்டும். கரைவலை இழுக்கும் வீட்டுப் பையன்கள் அதில் ஆசிரியர்களாகிவிடுகிறார்கள்; வகுப்பில் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் இருந்தவனும் ஏவல் சொல்வதைப் பார்ப்பீர்கள்.

ஆனால் மூன்று இடங்களில் முடிவு உங்களுடையது. அங்கே பெரும்பான்மைக் கருத்துக்கு இடமில்லை. முதலாவது கடல். பெண் கடல் என்று சொல்லும் பாக் நீரிணைப் பக்கம் அமைதியாகத் தெரிவதை நம்பி, வாடைக் காற்றுக் காலத்தில் இறங்க ஆசைப்படுவார்கள். ஆண் கடலோ (மன்னார் வளைகுடாப் பக்கம்) பெண் கடலோ, முகாமில் குளியல் கிணற்றடியில்தான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெற்றோர் உங்களை நம்பித்தான் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது சட்டம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருப்பவை. வனத்துறையின் அனுமதியின்றிப் படகேறக் கூடாது. பவளப்பாறை, கடல் அட்டை, கடல் குதிரை ஆகியவை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகுந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டவை. கரையில் ஒதுங்கிய பவளத் துண்டை நினைவுக்காகப் பையில் போட்டுக்கொள்வது பிள்ளைகளுக்குத் தவறாகவே தோன்றாது. திரும்பும் முன் பைகளை அவர்களைக் கொண்டே பார்க்கச் சொல்லுங்கள். ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விட வனத்துறை அழைத்தால், கைபேசி வெளிச்சத்தை அணைக்கச் சொல்வதும் உங்கள் பொறுப்பு.

மூன்றாவது பணம். கரையில் மீன் வாங்கினால் அச்சிட்ட ரசீது கிடைக்காது. தணிக்கையில் முதலில் கேட்பது அதைத்தான். விற்றவரின் பெயர், எடை, விலை எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிய வவுச்சரை அன்று இரவே ஒட்டிவிடுங்கள். முகாம் முடிந்த பிறகு தேடினால், அந்த அம்மா வேறு கரைக்குப் போயிருப்பார். கணக்கை மாணவப் பொருளாளர் எழுதட்டும். ஆனால் ரொக்கம் உங்கள் கையில் இருக்கட்டும்.

இருப்புப் பதிவேடு, வருகைப் பதிவேடு, முகாம் வவுச்சர் கோப்பு ஆகியவை துறை பீரோவின் மேல்தட்டில் இருக்கின்றன. கையுறைகளும் மண்வெட்டிகளும் விளையாட்டுத் துறை அறையில். அடுத்த முகாமுக்குக் கிராமம் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தை நீங்கள் பொறுப்பேற்ற வாரத்திலேயே வைத்துவிடுங்கள். மாணவச் செயலர் காத்திருக்கிறாள். ஊர்த் தலைவரைப் பார்க்கப் போகும் நாளைச் சொன்னால், அறிமுகப்படுத்தி வைக்க நானும் உடன் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்